சிலந்தியை மறைக்கும் பொத்தானும் சுருங்கும் வட்டமும்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்காவின் மகன் விறாந்தையில் பாயில் படுத்தபடி போனில் பப்ஜி விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதினான்கு வயது. போனின் சத்தம் முழுவதுமாகத் திறந்திருந்தது. அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் ஒரு கட்டுரையை முடிக்கிற அவசரத்தில் மடிக்கணினியோடு மூலையில் இருந்தேன்.

விளையாட்டின் வரைபடத்தில் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அந்த வட்டத்துக்குள் வானத்தில் இருந்து குண்டுகள் விழத் தொடங்கின. குசினியில் துருவலைச் சத்தம் நின்றது. பாதித் தேங்காயோடு வாசலில் வந்து நின்ற அம்மா, போனைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வீட்டுக்கை ஓடாதை. பங்கருக்கை போ."

மருமகன் சிரித்தான். "அம்மம்மா, இதிலை வீட்டுக்கை நிண்டாத்தான் சாகமாட்டன்."

அவன் சொன்னது சரி. பப்ஜியின் செந்நிற வலயத்தில் வெட்டவெளியில் நிற்பவர் சாவார், கூரைக்குக் கீழே நிற்பவர் தப்புவார். அது அந்த விளையாட்டின் விதி. அம்மா சொன்னதும் சரி. வன்னியில் கூரைக்குக் கீழே நின்றவர்கள் கூரையோடு சேர்ந்து போனார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த எனக்கு அன்றைக்குக் கட்டுரை முடியவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு விடயத்தைத் தேடத் தொடங்கினேன். விளையாடுபவரை அச்சுறுத்துகிற ஒரு காட்சியை மாற்றவோ மறைக்கவோ வீடியோ கேம் தயாரிப்பாளர்கள் ஏதாவது செய்கிறார்களா?

செய்கிறார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் சிலந்திக்கு.

2020 யூலையில் ஒப்சிடியன் நிறுவனம் கிரவுண்டட் என்ற விளையாட்டின் ஆரம்பப் பதிப்பை வெளியிட்டது. எறும்பளவுக்குச் சுருங்கிவிட்ட பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்தில் உயிர்பிழைக்க வேண்டும். எறும்பளவில் இருந்தால் சிலந்தி ஒரு பஸ் அளவுக்குத் தெரியும். சிலந்தியைக் கண்டாலே உடல் விறைத்துப்போகிறவர்கள் உலகில் ஏராளம். அவர்கள் இந்த விளையாட்டைத் தொடவே மாட்டார்கள். ஆகவே அமைப்புகள் பக்கத்தில் ஒரு வழுக்குப் பட்டி வைத்தார்கள். அதை ஒவ்வொரு படியாக நகர்த்தினால் முதலில் சிலந்தியின் கால்கள் குறையும், பிறகு பற்கள் போகும், கடைசிப் படியில் மிதக்கிற உருண்டைகள்தான் மிஞ்சும். சிலந்தி செய்கிற எல்லாவற்றையும் அந்த உருண்டை செய்யும். துரத்தும், கடிக்கும், கொல்லும். விளையாட்டின் கடினம் குறையவில்லை, உருவம் மட்டும் மாறியிருக்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

சாட்டிஸ்ஃபக்டரி என்ற தொழிற்சாலை கட்டும் விளையாட்டில் சிலந்தி போன்ற பிராணிக்குப் பதிலாகப் பூனைப் படம் ஒன்று வரும். தட்டையான பூனைப் படம் பாய்ந்து வந்து உங்களைக் கடிப்பதைப் பார்த்தால் சிலந்தியே பரவாயில்லை என்று தோன்றும், எனக்குத் தோன்றியது. 2023இல் தனி ஒருவர் உருவாக்கிப் பெரும் புகழ்பெற்ற லீதல் கொம்பனியில் சிலந்தி இருந்த இடத்தில் 'சிலந்தி' என்ற ஆங்கிலச் சொல் எழுத்துகளாக நடந்துவரும். ஒரு மனிதர் தனியாக இருந்து செய்யக்கூடிய வேலைதான் இது. அப்படியிருக்க, பணம் இல்லை, நேரம் இல்லை என்று பெரிய நிறுவனங்கள் சொன்னால் நம்புவது கடினம்.

நிறுவனங்கள் செய்வதற்கு முன்பே விளையாடுகிறவர்கள் தாங்களாகச் செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2011இல் வந்த ஸ்கைரிமில் குகைக்குக் குகை இராட்சதச் சிலந்திகள். அவற்றைக் கரடிகளாக மாற்றுகிற ஒரு மாற்றுக்கோப்பை இரசிகர்கள் உருவாக்கிப் பகிர்ந்தார்கள். ஹொக்வார்ட்ஸ் லெகசி 2023 பெப்ரவரியில் வெளிவந்தபோது சிலந்திப் பயத்துக்கான வசதி அதில் இருக்கவில்லை. 2023 மே மாதத்தில்தான் உத்தியோகபூர்வமாகச் சேர்த்தார்கள். அது வெறும் உருவ மாற்றத்தோடு நிற்கவில்லை. சிலந்தி ஊருகிற சத்தத்தையும் கீச்சிடுகிற சத்தத்தையும் குறைத்தது, மூலைகளில் அசையாமல் கிடக்கிற சிலந்திகளைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியது. பயம் கண்ணால் மட்டும் வருவதில்லை என்பது யாரோ ஒருவருக்கு விளங்கியிருக்கிறது.

சிலந்தியைத் தாண்டி வந்தால் உதாரணங்கள் சட்டென்று குறைகின்றன. எனக்குப் பிடித்த ஒன்று ஹொரைசன் ஃபொர்பிடன் வெஸ்ட். ஆழ்கடலைக் கண்டால் பயப்படுபவர்களுக்காக 2023 ஏப்ரலில் ஒரு வசதியைக் கொண்டுவந்தார்கள். அதை இயக்கினால் நீருக்கடியில் வெளிச்சம் கூடும், தூரம் தெளிவாகத் தெரியும், மூச்சு முடியவே முடியாது. ஆழ்நீர்ப் பயம் என்றால் என்ன என்று ஆறுதலாக யோசித்திருக்கிறார்கள். தண்ணீரை எடுத்துவிடவில்லை. கீழே என்ன இருக்கிறது என்று தெரியாததும், மூச்சு முட்டிவிடும் என்ற எண்ணமும்தான் பயத்தின் இரண்டு கால்கள் என்று கண்டுபிடித்து அந்த இரண்டையும் வெட்டியிருக்கிறார்கள்.

இன்னும் அரிதான பயங்கள் இருக்கின்றன. துளைகள் கூட்டமாக இருப்பதைப் பார்த்தால் சிலருக்கு உடம்பு கூசும், குமட்டும். தாமரைக்காய், தேன்கூடு, ஏன், சிலருக்கு ஆப்பத்தின் நடுப்பகுதிகூட. ட்ரைபோபோபியா என்று இதற்குப் பெயர். உளநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கைநூலில் இந்தப் பெயர் தனியாக இல்லை. ஆனால் பிரித்தானியாவின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப் கோலும் ஆர்னல்ட் வில்கின்ஸும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் தாமரைக்காய்ப் படத்தைப் பார்த்தவர்களில் சுமார் 16 சதவீதமானோர் அசௌகரியப்பட்டார்கள். காரணம் துளையே அல்ல, அந்தக் கோலத்தில் வெளிச்சமும் இருளும் மாறிமாறி வருகிற விதம் என்று அவர்கள் வாதிட்டார்கள். நச்சுப் பிராணிகள் சிலவற்றின் தோலிலும் அதே விதமான கோலம் இருக்கிறதாம்.

விளையாட்டு உருவாக்குபவருக்கு இது சிலந்தியைவிடச் சிக்கலானது. சிலந்தி ஒரு பொருள். அதன் உருவக்கோப்பை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம். துளைக்கூட்டமோ பொருளல்ல, மேற்பரப்பு. பாறையில் இருக்கும், பவளத்தில் இருக்கும், பேயின் தோலில் இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுவதற்குள் வருடம் போய்விடும். மேலே சொன்ன ஆய்வு சரியென்றால் வேறொரு வழி இருக்கலாம் என்று நினைக்கிறேன்: துளையை அகற்றாமல் அந்த மேற்பரப்புகளின் ஒளி-இருள் வேறுபாட்டை மட்டும் தணிப்பது. அப்படிச் செய்த விளையாட்டை நான் இன்னும் விளையாடியதில்லை.

இதெல்லாம் செல்லம் கொடுக்கிற வேலை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பயம் இருந்தால் விளையாடாதே என்பது அவர்களது பதில். கொஞ்சம் படித்தவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்: பயப்படுகிற பொருளைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வேர்விடும், ஆகவே மறைப்பது நோயை வளர்ப்பது. இந்த இரண்டாவது வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. குறிப்பிட்ட பயங்களுக்கான சிகிச்சையில் பயப்படும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பதுதான் இன்றைக்கும் முதன்மையான முறை.

ஆனால் 'படிப்படியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். கிரவுண்டடின் வழுக்குப் பட்டி எப்படி இருக்கிறது? உருண்டையில் தொடங்கலாம். பழகினால் ஒரு படி இறங்கிப் பற்களைக் கொண்டுவரலாம். பிறகு கால்கள். எந்தப் படி, எந்த நாள் என்பதை விளையாடுகிறவரே தீர்மானிக்கிறார். பயத்தை எதிர்கொள்ளும் சிகிச்சையின் ஏணியும் ஏறக்குறைய இந்த வடிவம்தான். பட்டி இல்லாவிட்டால் அந்த மனிதர் விளையாட்டையே தொட்டிருக்க மாட்டார். அதுதான் முழுமையான தவிர்ப்பு.

எச்சரிக்கை போட்டால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. இப்போது பல விளையாட்டுகளின் தொடக்கத்தில் எச்சரிக்கைப் பலகை வருகிறது. உளவியலாளர் விக்டோரியா பிரிட்ஜ்லாண்டும் இருவரும் 2023இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு, இத்தகைய எச்சரிக்கைகள் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. எச்சரிக்கையைப் படித்ததால் பின்னர் வரும் காட்சியின் தாக்கம் குறையவில்லை. மாறாக, காட்சி வருவதற்கு முன்பான பதற்றம் கூடியது. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்ற எனக்கு இது கொஞ்சம் அடி. எச்சரிக்கை போடுவதே அறம் என்றுதான் எங்களுக்கு வகுப்பில் படிப்பித்தார்கள். என்ன வரப்போகிறது என்று சொல்லிவிட்டு அதைத் தடுக்கக் கையில் ஒன்றும் கொடுக்காமல் விட்டால், எறிகணை வரும் என்று அறிவித்துவிட்டுப் பதுங்குகுழி இல்லாத இடத்தில் விட்டதுபோலத்தான்.

கையில் ஒன்றைக் கொடுத்த பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 2009 நவம்பரில் வெளிவந்த கால் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோஃபெயார் 2. அதில் விமானநிலையம் ஒன்றில் பொதுமக்களைச் சுட்டுத்தள்ளுகிற கட்டம் வரும். சிலரது மனதை இது பாதிக்கலாம், வேண்டாம் என்றால் தவிர்க்கலாம் என்று விளையாட்டு முன்கூட்டியே கேட்கும். தவிர்த்தால் தண்டனை இல்லை, கதை தொடரும். உலகம் முழுவதும் அந்தக் கட்டம் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. அந்த நவம்பரில் நாங்கள் மெனிக் பாமில் இருந்தோம். விவாதத்தைப் பல வருடங்கள் கழித்துத்தான் படித்தேன்.

இங்கேதான் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குச் சிலந்தி பயமில்லை. துளையும் பிரச்சினை இல்லை. எனக்குப் பார்க்க முடியாதது ஒரு வட்டம். வரைபடத்தின் மேல் வெள்ளைக் கோடாக விழுந்து, நேரம் போகப்போகச் சிறுத்துக்கொண்டே வருகிற வட்டம். பப்ஜியில் நூறு பேர் ஒரு நிலப்பரப்பில் இறங்குவார்கள். சில நிமிடங்களில் வட்டம் தோன்றும். உள்ளே நிற்பவர்களுக்குப் பாதுகாப்பு, வெளியே நிற்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவார்கள். வட்டம் சுருங்கும், மீண்டும் சுருங்கும், கடைசியில் ஒரு வயல் அளவுக்கு வரும். விளையாடுகிறவர்கள் அதை 'சேஃப் சோன்' என்கிறார்கள். அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'பாதுகாப்பு வலயம்' என்று வரும்.

2009இல் அந்தச் சொல்லை நாங்கள் மூன்று முறை கேட்டோம். ஜனவரியில் சுதந்திரபுரம் பக்கம். பெப்ரவரியில் புதுமாத்தளன் கரையோரம். மே மாதத்தில் முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு முறையும் இடம் சிறுத்தது. நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன், புவியியல் ஒரு பாடம். பாடசாலை வரைபடத்தில் விரலை வைத்து எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். அந்த விரலுக்கு இடம் இல்லாமல் போன நாள் நினைவில் இருக்கிறது.

விளையாட்டை உருவாக்கியவர்கள் எங்களை மனதில் வைத்து அந்த வட்டத்தைச் செய்யவில்லை. நூறு பேர் சிதறி ஒளிந்திருந்தால் போட்டி முடியாது என்பதால் அவர்களை ஓரிடத்துக்குத் தள்ளுகிற ஒரு பொறி அது. அவ்வளவுதான். குற்றம் சொல்ல எதுவும் இல்லை. வானத்தில் ஆளில்லா விமானம் சுற்றுகிறது என்று அறிவிக்கிற விளையாட்டுகளை எழுதியவர்களுக்கும், வன்னியில் அதை நாங்கள் 'வண்டு' என்று அழைத்தது தெரிய நியாயமில்லை.

மருத்துவர்கள் இதையும் சிலந்திப் பயத்தையும் ஒரே பெட்டியில் போட மாட்டார்கள். சிலந்திக்குப் பயப்படுபவர் பயப்படுவது சிலந்திக்குத்தான். நான் பயப்படுவது வட்டத்துக்கு அல்ல, அது எதைக் கூட்டிக்கொண்டு வருகிறதோ அதற்கு. முதலாவது பயம், இரண்டாவது காயம். சிகிச்சையும் வேறு. ஆனால் திரையின் முன்னால் இருக்கும் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. உள்ளங்கை வியர்ப்பது ஒரேமாதிரித்தான். விளையாட்டு உருவாக்குபவரிடம் இருவரும் கேட்பதும் ஒன்றுதான்: விளையாட்டின் கடினத்தைக் குறைக்காதே, இந்த உருவத்தை மட்டும் மாற்றித் தா.

எத்தனை பேருக்கு இது தேவை? போர் முடிந்த சில மாதங்களில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வீடுவீடாக எடுக்கப்பட்டு 2011இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, 7 சதவீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோயின் அறிகுறிகளையும், 32.6 சதவீதமானோரிடம் பதகளிப்பையும், 22.2 சதவீதமானோரிடம் மனச்சோர்வையும் கண்டது. அது யாழ்ப்பாணம். கடைசிக் கட்டத்தை உள்ளே இருந்து அனுபவித்த வன்னி அல்ல. அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் விளையாடுகிற இளைஞர்கள். அவர்களுக்குப் பின்னால், அதே அறையில், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அம்மாக்களும் அம்மம்மாக்களும் இருக்கிறார்கள். விளையாட்டு நிறுவனங்களின் கணக்கில் 'விளையாடுபவர்' என்ற ஒருவர்தான் உண்டு. எங்கள் வீடுகளில் போன் ஒன்று, காதுகள் ஐந்து.

தொழில்நுட்பத்தால் முடியாது என்று சொல்வதற்கும் இடமில்லை. பப்ஜியின் கணினிப் பதிப்புக்கான தொழில்முறைப் போட்டிகளில் செந்நிற வலயத்தையே எடுத்துவிட்டார்கள். காரணம் யாருடைய மனமும் அல்ல. எங்கே குண்டு விழும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, திறமையைப் பார்க்கும் போட்டிக்கு அது நியாயமில்லை என்பதுதான். நியாயத்துக்காக அணைக்க முடிந்த ஒன்றை நிம்மதிக்காகவும் அணைக்கலாம். பலர் சேர்ந்து விளையாடும் களத்தில் ஒருவருக்கு மட்டும் குண்டு விழாமல் செய்தால் மற்றவருக்கு அநீதி என்பது உண்மை. ஆகவே குண்டு விழட்டும், அதன் சத்தமும் புகையும் மட்டும் என் திரையில் வேறொன்றாக இருக்கட்டும். மழையாக இருக்கட்டும். பூனையாகவே இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

இதற்கு நேரெதிரான ஒன்றைப் பற்றியும் படித்தேன், அது என்னை நாட்கணக்கில் விடவில்லை. 2004இல் வந்த ஃபுல் ஸ்பெக்ட்ரம் வொரியர் என்ற போர் விளையாட்டின் தெருக்களையும் கட்டடங்களையும் எடுத்து, தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்கிப் ரிஸோவும் குழுவினரும் ஒரு சிகிச்சைக் கருவியைச் செய்தார்கள். ஈராக்கில் இருந்து மனக்காயத்தோடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய் கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு அந்தத் தெருவில் மீண்டும் நடப்பார். பக்கத்தில் சிகிச்சையாளர் இருப்பார். ஹெலிகொப்டர் வேண்டுமா, வெடிச்சத்தம் வேண்டுமா, எவ்வளவு தூரத்தில், புகை மணம் சேர்க்கலாமா என்பதை அவரே பொத்தான்களால் கூட்டிக் குறைப்பார். விளையாட்டில் இருந்த அதே தெரு மருந்தாகிவிட்டது. பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

அந்தத் தெருவில் வீடு வைத்திருந்த ஈராக்கியப் பெண்ணுக்கு யார் அந்தப் பொத்தான்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு வந்தது. ஆராய்ச்சிப் பணம் சிப்பாயைத் தேடித்தான் முதலில் போகிறது. போகட்டும், அவரும் காயப்பட்டவர்தான். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

எங்கள் வீட்டில் பொத்தான் இல்லாததால் இருப்பதைக் கொண்டு சமாளிக்கிறோம். மருமகனிடம் நான் நீளமாக எதையும் விளங்கப்படுத்தவில்லை. "நீ விளையாடு, ஆனா அந்தச் சத்தம் அம்மம்மாவுக்கு ஒத்துவராது" என்று மட்டும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சித்தி, டீம் டெத்மட்சிலை வட்டமும் இல்லை, குண்டும் விழாது" என்றான். நான்கு பேர் நான்கு பேராக ஒரு சிறிய களத்தில் மோதுகிற முறை அது. வட்டம் சுருங்குகிற விளையாட்டு என்னையும் தொந்தரவு செய்கிறது என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை; அவன் வரைபடத்தைத் திறக்கும்போதெல்லாம் நான் எழும்பிப் போனதைக் கவனித்திருப்பான்.

அந்த முறையில் நானும் இப்போது இடைக்கிடை விளையாடுகிறேன். மோசமாக விளையாடுகிறேன். நான் வந்தால் தோல்விதான் என்று அவனது நண்பர்கள் முறைப்பாடு செய்கிறார்களாம்.

நண்பர்களோடு பெரிய விளையாட்டு விளையாட வேண்டிய நாட்களில் அவன் காதுக்கருவி போட்டுக்கொள்கிறான். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். போன கிழமை அம்மா அவன் பக்கத்தில் போய் இருந்து, சத்தமே இல்லாமல் சிவந்து சிவந்து வெடிக்கிற திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவனது காதில் இருந்து ஒன்றைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"சத்தம் கேட்டாத்தானே எங்கை விழுதெண்டு தெரியும்" என்றார்.